வலி ஓரிடம், காரணம் வேறிடம்: கணினி முன் உட்காருபவர்களுக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கணினி பழுது பார்க்க வருபவர் வந்தவுடன் பெட்டியைத் திறப்பதில்லை. "எப்போதிலிருந்து இப்படி? என்ன செய்யும்போது வருது? கடைசியா எதை மாத்துனீங்க?" என்று கேட்பார். உடம்பு வலிக்கும்போது நாம் அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொள்வதில்லை. நேரே புது நாற்காலி, புது மவுஸ், நீல ஒளிக் கண்ணாடி என்று வாங்கக் கிளம்பிவிடுகிறோம். மேசையடி வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு வலிக்கும் இடம் ஒன்று, காரணம் இருக்கும் இடம் இன்னொன்று. கழுத்து வலிக்குக் காரணம் மூக்குக் கண்ணாடியாக இருக்கும். தோள்பட்டை வலிக்குக் காரணம் நீங்கள் தொட்டே பார்க்காத எண் விசைகளாக இருக்கும்.

கீழே உங்கள் அறிகுறியைத் தேடி அதை மட்டும் படித்தால் போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திரையையும் நாற்காலியையும் மவுஸையும் ஒரே நாளில் மாற்றினால், வலி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது. கண் சம்பந்தப்பட்ட மாற்றம் அன்றைக்கே பலன் காட்டும். தசைக்கு ஒரு வாரம் கொடுங்கள். தசைநாண், நரம்பு என்றால் சில வாரங்கள் ஆகும்.

முதலில், நீங்களே சரிபார்க்கக் கூடாதவை

நெஞ்சில் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வை: இதை "மவுஸ் பிடிச்ச வலி" என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, கெண்டைக்கால் வலி, அதோடு மூச்சுத் திணறல். கண்ணில் திடீரென்று மின்னல் வெட்டுவது, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, பார்வையின் ஓர் ஓரத்தில் திரை விழுந்ததுபோல் மறைப்பது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி. முதுகுவலியோடு தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது. இவற்றில் எதுவாக இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

கண் எரிகிறது, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது

காலையில் ஒன்றும் இல்லாமல், பிற்பகலில் தொடங்கி மாலையில் முற்றுகிறதா? அப்படியென்றால் உலர்ச்சிதான் முதல் சந்தேகம். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முதல் 20 தடவை இமைக்கிறோம். திரையை ஊன்றிப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இமைக்கும்போதும் மேலிமை முழுதாகக் கீழே வந்து சேராமல் அரைகுறையாக நின்றுவிடுகிறது. கண்ணீர்ப் படலம் விழியின் கீழ்ப்பகுதிக்குப் பரவாமலே காய்ந்துபோகிறது. "எனக்குத்தான் கண்ணிலிருந்து தண்ணீர் வழியுதே, இது எப்படி உலர்ச்சி ஆகும்?" என்று பலரும் கேட்பார்கள். காய்ந்த கண் எரிச்சலில் கொட்டும் நீர்தான் அது. ஈரம் தங்குவதற்கு வேண்டிய எண்ணெய்ப் பசை அதில் போதாது.

முதலில் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குளிர்சாதனத்தின் காற்றோ மின்விசிறியின் காற்றோ நேரே முகத்தில் அடித்தால் அதைத் திருப்புங்கள். இல்லையென்றால் நீங்கள் நகர்ந்து உட்காருங்கள்.

அடுத்தது திரையின் உயரம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. திரை உயரமாக இருந்தால் கண்ணை அகல விரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். விழி எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு ஈரம் ஆவியாகும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். பார்வை கொஞ்சம் தாழ்ந்து விழுந்தால் இமை பாதி மூடி, கண்ணுக்குக் கூரைபோல நிற்கும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது நொடி பார்ப்பது என்ற விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த எண்களுக்கு மந்திர சக்தி ஒன்றும் கிடையாது. நினைவில் நிற்க வசதியானவை, அவ்வளவுதான். தூரத்தைப் பார்க்கும்போது நாலைந்து தடவை இமையை முழுதாக, மெதுவாக மூடித் திறந்தால் பலன் கூடும். சொட்டு மருந்து தேவைப்பட்டால் செயற்கைக் கண்ணீர் போதும். ஒரு நாளில் பல தடவை விடுபவர்கள், மருந்து கெடாமல் இருக்கப் போடும் வேதிப்பொருள் (பிரிசர்வேட்டிவ்) சேர்க்காததாகப் பார்த்து வாங்குவது நல்லது. சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தைப் பழக்கமாக்காதீர்கள். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். நிறுத்தியதும் சிவப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

எழுத்து மங்குகிறது, அல்லது நிமிர்ந்து பார்த்தால் தூரம் மங்குகிறது

கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை ஒன்று இறுகி, வில்லையைத் தடிக்க வைக்கிறது. மணிக்கணக்கில் இறுகிக் கிடந்த தசை தூரத்தைப் பார்க்கும்போது உடனே தளர்வதில்லை. சில நொடிகளில் தெளிந்துவிட்டால் அது களைப்பு. திரையை ஒரு கை நீளத்துக்கு, அதாவது சுமார் 50 முதல் 70 சென்டிமீட்டர் தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் நீங்கள் முன்னால் சாயாதீர்கள், எழுத்தை 125 சதவீதமாக்குங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து கணக்கில் வரும். படிக்கும் கண்ணாடி புத்தகத் தூரத்துக்கு, ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்கு எழுதித் தரப்படுகிறது. திரை அதைவிடத் தள்ளி இருக்கிறது. கண் பரிசோதனைக்குப் போகும் முன் கண்ணிலிருந்து திரை வரை நாடா வைத்து அளந்து அந்த எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். "கம்ப்யூட்டர் பார்க்கிறேன்" என்று பொதுவாகச் சொல்வதைவிட "62 சென்டிமீட்டர்" என்று சொன்னால் சரியான கண்ணாடி கிடைக்கும்.

நீல ஒளியை வடிக்கும் கண்ணாடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பு, கண் களைப்பைக் குறைப்பதில் அதற்கும் சாதாரணக் கண்ணாடிக்கும் குறுகிய காலத்தில் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம் என்கிறது. அந்தப் பணத்தில் நல்ல மேசை விளக்கு வாங்கலாம். வெளிச்சத்தைச் சரிபார்க்க ஒரு வெள்ளைத் தாளைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். திரை தாளைவிட விளக்குபோல் பளபளத்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள், மங்கிச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் கூட்டுங்கள்.

கழுத்து வலி

வலி பிடரியில் நடுவாக இருக்கிறதா, ஒரு பக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு பக்கம் என்றால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. இரண்டாவது திரை, பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் காகிதம், காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிய கைபேசி இவற்றில் ஏதோ ஒன்று சிக்கும். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் எதை அதிகம் பார்க்கிறார்களோ அதை நேர் எதிரே வைக்க வேண்டும். இரண்டையும் சமமாகப் பார்ப்பவர்கள் இரண்டின் விளிம்பும் சேரும் இடம் மூக்குக்கு நேரே வருமாறு வைக்கலாம்.

நடுவில், தலையைக் குனிவதால் வரும் வலி என்றால், மடிக்கணினிதான் பெரும்பாலும் குற்றவாளி. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே பிறந்ததால், ஒன்றைச் சரியான இடத்தில் வைத்தால் மற்றது தப்பான இடத்துக்குப் போய்விடும். கைக்கு ஏற்றபடி வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு ஏற்றபடி தூக்கினால் தோள் உயரும். தனி விசைப்பலகையும் தனி மவுஸும் வாங்கி, மடிக்கணினியைத் தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றி வைப்பதுதான் இதற்கு எளிய வழி. தலையின் எடை சுமார் 5 கிலோ. அது முன்னால் சாயச் சாய, அதை இழுத்துப் பிடிக்கும் பிடரித் தசைகளின் சுமை பல மடங்காகிறது.

இன்னொரு வகை உண்டு: தலையைப் பின்னால் சாய்த்து, மோவாயைத் தூக்கிப் பார்ப்பது. பைஃபோகல் அல்லது புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்களிடம் இதைக் காணலாம். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில்தான் கிட்டப் பார்க்கும் சக்தி இருக்கிறது; திரையோ கண் மட்டத்தில் இருக்கிறது. அதனால் தலை தானே அண்ணாந்துவிடும். கழுத்துக்கு எவ்வளவு தைலம் தேய்த்தாலும் இது போகாது. திரையை இன்னும் தாழ்த்தி, மேல்பக்கம் பின்னால் சாய்வதுபோல் வையுங்கள். அதுவும் போதாவிட்டால் திரைக்கென்றே ஒற்றைச் சக்திக் கண்ணாடி ஒன்று வாங்குங்கள்.

மவுஸ் பிடிக்கும் பக்கத் தோள்பட்டை மட்டும் குடைகிறது

விசைப்பலகையின் வலது கோடியில் எண் விசைகள் இருக்கின்றனவா? அவற்றைக் கடைசியாக எப்போது தட்டினீர்கள்?

முழு அளவு விசைப்பலகையின் அகலம் சுமார் 45 சென்டிமீட்டர். பலரும் மொத்தப் பலகையின் நடுவைத் திரையின் நடுவுக்கு நேராக வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், மவுஸ் எண் விசைகளுக்கும் அப்பால் தள்ளிப் போகும். அதைப் பிடிக்கக் கை உடம்பை விட்டு விலகி, வெளியே திரும்பி, நாள் முழுதும் அந்தரத்தில் தொங்குகிறது. கையைத் தாங்கிப் பிடிக்கும் தோள் தசைகளுக்கு ஓய்வே இல்லை. கை அசையவே இல்லையே என்று நினைக்கலாம். அசையாமல் இறுகி நிற்பதுதான் தசையைக் களைக்க வைக்கிறது. அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது.

செலவில்லாத சோதனை இது: ஜி, ஹெச் எழுத்துகளுக்கு நடுவிலுள்ள இடம் உங்கள் தொப்புளுக்கு நேரே வருமாறு பலகையை நகர்த்துங்கள். பிறகு மவுஸை ஒரு வாரத்துக்கு இடது கைக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். வலது தோள் தெளிந்துவிட்டால் காரணம் உறுதியாகிவிட்டது. அதன்பின் எண் விசைகள் இல்லாத சிறிய பலகை வாங்குவது வீண் செலவல்ல. கணக்கு வேலை பார்ப்பவர்கள் எண் பலகையைத் தனியாக வாங்கி இடப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

நாற்காலியின் கைப்பிடியையும் பார்த்துவிடுங்கள். உயரமாக இருந்தால் தோளைக் காதுக்குத் தள்ளும். முன்னால் நீட்டிக்கொண்டு மேசையில் இடித்தால் உங்களை மேசைக்கு அருகில் வரவிடாது. சரிசெய்ய முடியாத கைப்பிடியைக் கழற்றிவிடுவதே மேல்.

விரல் மரத்துப்போகிறது

"கை மரக்குது" என்பது போதாது. எந்த விரல் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி. சுண்டுவிரல் மட்டும் தப்பித்துவிடுகிறது. இரவில் மரத்துப்போய் விழித்து, கையை உதறினால் சரியாகிறது. இது மணிக்கட்டின் சுரங்கம் போன்ற பாதையில் நடுநரம்பு நெரிபடுவதன் அடையாளம். கார்ப்பல் டனல் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். இரண்டு புறங்கைகளையும் சேர்த்து, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை முழுதாக மடக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அதே விரல்கள் மரத்தால் சந்தேகம் வலுக்கிறது. இதைத் தட்டச்சின் தலையில் மட்டும் கட்டிவிடுவது தவறு. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பம் ஆகியவையும் இதை வரவழைக்கும், அதனால் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குவதுதான் பெரும்பாலும் முதல் சிகிச்சை. பகலில் அதைக் கட்டிக்கொண்டு தட்டச்சு செய்தால் பட்டையை எதிர்த்து முண்டுவீர்கள், தோளும் முழங்கையும் கோணும். கட்டைவிரலின் அடியில் உள்ள சதை மெலிந்தாலோ பிடி தளர்ந்து பொருள் நழுவினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கைக்குப் போங்கள். முழங்கையின் உட்பக்கம் இடித்தால் சுர்ரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அங்கே ஓடும் நரம்பு இது. மேசையின் கூரிய விளிம்பிலோ கெட்டியான கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றுவதும், கைபேசியைப் பிடித்தபடி முழங்கையை மடக்கியே கிடப்பதும் காரணம். ஒரு துண்டை மடித்து விளிம்பில் போட்டுப் பாருங்கள்.

எல்லா விரல்களும் மரத்து, கழுத்தைத் திருப்பும்போது மாறினால், கழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மணிக்கட்டு, கட்டைவிரல், முழங்கை வலி

விசைப்பலகையின் அடியில் இரண்டு சிறு கால்கள் இருக்கும். அவற்றை மடக்கிவிடுங்கள். அவை பலகையின் பின்பக்கத்தை உயர்த்தி, மணிக்கட்டை மேல்நோக்கி வளைக்க வைக்கின்றன. மணிக்கட்டுத் தாங்கி, தட்டாமல் இருக்கும்போது கையை ஓய்வாக வைக்கத்தான். அதில் அழுத்திக்கொண்டே தட்டினால் சுரங்கப் பாதையை நீங்களே நசுக்குகிறீர்கள்.

கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலிக்குக் கணினியைவிடக் கைபேசியைச் சந்தேகியுங்கள். முழங்கையின் வெளிப்பக்க வலிக்கு மவுஸை இறுக்கிப் பிடிப்பதும், சொடுக்கத் தயாராக விரலைத் தூக்கியே வைத்திருப்பதும் காரணமாகலாம். மவுஸின் வேகத்தைக் கூட்டுங்கள், சிறிய அசைவே போதுமானதாகிவிடும்.

இடுப்பு வலி

நாற்காலியைக் குறை சொல்லும் முன் மேசையின் உயரத்தை அளந்து பாருங்கள். பெரும்பாலான மேசைகள் 73 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு அது அதிகம். கை எட்ட நாற்காலியை உயர்த்துவார்கள், கால் தரையில் படாமல் தொங்கும். தொங்கும் கால் தொடையை அழுத்த, உடம்பு தானாக முன் விளிம்புக்கு நகரும். அப்போது சாய்மானம் முதுகுக்குப் பின்னால் சும்மா நிற்கும். மேசை உயரத்தில் தொடங்கிய கோளாறு இடுப்பில் போய் வலிக்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த நாற்காலியும் இங்கே உதவாது. காலுக்குக் கீழே ஒரு பலகை போட்டால் போதும்.

சரிசெய்யும் வரிசை: முழங்கை மேசை மட்டத்துக்கு வருமாறு நாற்காலியை உயர்த்துங்கள். கால் எட்டாவிட்டால் கீழே எதையாவது வையுங்கள். பின்னால் ஒட்டி உட்கார்ந்து, இருக்கை விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் இருக்கை ஆழம் அதிகம், முதுகுக்குப் பின்னால் தலையணை வையுங்கள்.

"நிமிர்ந்து உட்கார்" என்று பள்ளியில் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1999இல் ஜெர்மனியில் ஒருவரின் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுக்குள் (டிஸ்க்) அழுத்தமானியைப் பொருத்தி அளந்தார்கள். தளர்ந்து நிற்கும்போது அழுத்தம் 0.50 மெகாபாஸ்கல், முதுகை விறைத்து உட்காரும்போது 0.55, முன்னால் முழுதாகக் குனிந்து உட்காரும்போது 0.83. நாற்காலியில் சரிந்து சாய்ந்தபோதோ சுமார் 0.3தான். ஒரே ஆளிடம் எடுத்த அளவு என்பதால் அதை வேதவாக்காக்க வேண்டாம். ஆனாலும் சாய்மானத்தில் எடையை இறக்கிவைத்து, இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 100 முதல் 110 டிகிரி வரும்படி சாய்ந்து வேலை பார்ப்பதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை. எந்த நிலையிலும் அரை மணிக்கு மேல் அசையாமல் இருக்காதீர்கள்.

ஒரு பக்கப் புட்டத்தில் தொடங்கி காலுக்குள் வலி இறங்கினால், பின் பையில் தடித்த பணப்பை வைத்தபடி உட்காருகிறீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், நரம்பை அழுத்த அதுவே போதும்.

மாலையில் கால் வீங்குகிறது

இரண்டு காலிலும் லேசாக, இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது என்றால், கெண்டைக்கால் வேலை செய்யாததுதான் காரணமாக இருக்கும். அந்தத் தசை சுருங்கும்போதுதான் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கலாம். எழுந்து நடப்பது அதைவிட நல்லது. நாள்தோறும் தொடர்ந்தால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் சோதிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் என்றால் மேலே சொன்ன எச்சரிக்கைக்குத் திரும்புங்கள். கணினி முன் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்த 32 வயது ஆண் ஒருவருக்குக் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்ததை 2003இல் நியூசிலாந்து மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிது, ஆனால் நடப்பதுதான்.

தலைவலி

பிடரியில் தொடங்கி நெற்றிக்கு வந்தால் மேலே கழுத்துப் பகுதியைப் படியுங்கள். புருவத்தின் மேல், படிக்கப் படிக்கக் கூடினால் கண் பரிசோதனை. ஒரு குறிப்பிட்ட மேசையில் மட்டும் வந்தால் சன்னலைப் பாருங்கள்: சன்னல் திரைக்குப் பின்னாலோ உங்களுக்குப் பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

மடிக்கணினி வைத்த தொடையில் வலைபோல் கறுமை

சூடு தொடர்ந்து படுவதால் தோலில் பழுப்பாக வலைப்பின்னல் விழும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் கவனத்துக்கு வராது. மடியிலிருந்து இறக்கிவிட்டால் மெதுவாக மங்கும். நெடுநாள் விட்டால் நிலைத்துவிடலாம்.

வலி எதுவும் இல்லை, ஆனால் நாள் முழுதும் அசதி

இதற்கு மேசையில் பிழை தேடிப் பயனில்லை. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதோடு தொடர்புடைய கூடுதல் இறப்பு அபாயம், நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பு உள்ளவர்களிடம் காணப்படவில்லை என்றது. அவ்வளவு முடியாவிட்டாலும், உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. நின்றபடி வேலை பார்க்கும் மேசை இதற்கு மாற்றாகாது. நாள் முழுதும் நின்றால் காலும் இடுப்பும் வேறு விதமாக வலிக்கும். தூக்கம் கெட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். படுக்கும் முன் கடைசி ஒரு மணி நேரம் திரையை விட்டால் பலருக்கு வித்தியாசம் தெரியும். வெளிச்சம் மட்டுமல்ல, அந்த நேரத்தில் படிக்கும் அலுவலக அஞ்சலும் தூக்கத்தைக் கெடுக்கும்.

எதுவும் சரியாகவில்லை என்றால்

மூன்று நான்கு வாரம் மாற்றிப் பார்த்தும் குறையாத வலிக்கு எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். கண் என்றால் கண் மருத்துவர். போகும்போது இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த நேரத்தில், என்ன செய்யும்போது வருகிறது, எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்ற அரைப் பக்கக் குறிப்பு ஒன்று. நீங்கள் வேலை பார்ப்பதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் இன்னொன்று. அதைக் காலையில் எடுக்கச் சொல்லாதீர்கள், அப்போது எல்லாரும் ஒழுங்காகத்தான் உட்காருவோம். மாலை நாலு மணிக்குமேல், உங்களிடம் சொல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள்.